கோயில் இல்லாத மலை

இனிமேல் சிகிச்சை வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவெடுத்த வாரத்தில்தான் என் கணவர் முதல் தடவையாக மலை ஏறுவதைப் பற்றிப் பேசினார். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அதில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிக்கே போயிற்று. ஊசி, மாத்திரை, ஸ்கேன், காத்திருப்பு, பிறகு ஒரு போன். அந்தப் போன் ஒவ்வொரு முறையும் ஒரே செய்தியைத்தான் சொன்னது. கடைசித் தடவை நர்ஸ் "சாரி மேடம்" என்று ஆரம்பிக்கும்போதே நான் "பரவாயில்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நான் ஆறுதல் சொன்னதுபோல் ஆகிவிட்டது.

நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். எனக்குக் குரோம்பேட்டையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அவருக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, "எங்கயாவது நடக்கப் போலாமா?" என்றார்.

"பீச்சுக்கா?"

"வேணாம். மலை ஏதாவது. நம்மள சுத்தி எவ்ளோ மலை இருக்கு. தினம் ட்ரெயின்ல இருந்து பாக்கறோம், ஒண்ணுல கூட ஏறினது இல்ல."

"கார எடுக்கறீங்களா?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "கார்ல உக்காந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்கு மா. ட்ரெயின்ல போலாம். இல்லன்னா பஸ்ல" என்றார்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. வெறும் வயிற்றோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு சிக்னலாக நின்று நின்று போன காலைகள் எல்லாம் அந்த முன் சீட்டில்தான் இருந்தன. அந்தக் காரில் நாங்கள் சந்தோஷமாக எங்கும் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த ஞாயிறு திருநீர்மலைக்குப் போனோம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, குரோம்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து ஒரு சின்ன பஸ். முகூர்த்த நாள். பஸ் முழுக்கப் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும். மலை பெரியது ஒன்றுமில்லை. ஆனாலும் பாதிப் படியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. மருந்துகளால் உடம்பு ஊதிப்போயிருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் என்னைவிட மோசமாக இரைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்துவிட்டோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

மேலே மதிலோரம் நின்றால் விமான நிலையம் வரைக்கும் தெரிந்தது. பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்து, "குழந்தைங்கள விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "ஆமாங்க. பாட்டி வீட்ல இருக்காங்க."

இறங்கி வரும்போது நான், "எத்தனை பசங்க நமக்கு?" என்று கேட்டேன். "ரெண்டு" என்றார். "பேரு?" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்து படுத்தபோது கால் வலித்தது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்ப வருடத்துக்குப் பிறகு என் உடம்பில் நானாக வரவழைத்துக்கொண்ட வலி அது.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் கிளம்பினோம். ரயில் பாதையை ஒட்டியே ஒவ்வொரு மலையாகப் பார்க்கலாம் என்று அவர் திட்டம் போட்டார். செங்கல்பட்டு பக்கம் ஒரு வாரம் என்றால் மறுவாரம் பரங்கிமலை பக்கம். தண்ணீர் பாட்டில், தயிர் சாதம், ஒரு துண்டு. காலை ரயிலில் கூட்டம் இருக்காது. ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம்.

ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் யோசித்திருக்கவில்லை. இந்தப் பக்கத்து மலைகளில் எல்லாம் ஒரு சாமி இருக்கிறது. சாமி இருக்கிற இடத்தில் பிள்ளை வரம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சிங்கப்பெருமாள் கோயிலில் குன்றைச் சுற்றிப் பின்பக்கம் போனபோது ஒரு மரத்தைப் பார்த்தேன். மஞ்சள் பூசி, சந்தனம் பூசி, கிளை தெரியாமல் துணி கட்டியிருந்தார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு மரத்தில் நெற்றியை வைத்து நின்றிருந்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பூக்கடை அம்மாள் கூப்பிட்டாள்.

"இன்னாமா பாத்துகினு நிக்கிற? துணி ஒண்ணு வாங்கிக் கட்டு. அடுத்த வருசம் மூணு பேரா வருவ, பாரு."

"எனக்கு வேணாம்மா."

"வேணாம்னு யாருனா சொல்லுவாங்களா? மூஞ்சியப் பாத்தாலே தெரிதே."

அவர் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஸ்டேஷன் வரை விடவில்லை.

பரங்கிமலைக்குப் போனால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்தோம். படியேறி மேலே போய், சர்ச்சுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு டீச்சரம்மா, முகத்தில் நல்ல களை, தானாகவே பேச ஆரம்பித்தார். "இங்க இருக்கிறது குழந்தைய எதிர்பார்த்துக் காத்திருக்கிற மாதாம்மா. என் மருமகளுக்கு இங்க வந்து வேண்டிக்கிட்டுத்தான் பொறந்தது." அவர் அன்பாகத்தான் சொன்னார். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனாலும் நான் எழுந்துவிட்டேன்.

இறங்கும்போது என் கணவர், "கோயில் இல்லாத மலை ஒண்ணு இருக்கும். நான் கண்டுபிடிக்கறேன்" என்றார்.

கண்டுபிடித்தார். திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி, கோயில் இருக்கும் பக்கம் போகாமல், வீடுகள் முடியும் இடத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் போகும் ஒரு தடம். பழைய கல்குவாரியைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். முள்ளும் பாறையும்தான். நிழலே கிடையாது. மேலே எந்தச் சரிவிலும் குங்குமம் தடவிய கல்கூட இல்லை. கீழே குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் பச்சையாக நிற்கும். தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

அங்கேதான் நாங்கள் நிறையப் பேசினோம். ஆஸ்பத்திரி வராண்டாவில் பேசாததை எல்லாம். ஒருநாள் அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தூரத்தில் பல்லாவரம் பக்கம் பார்த்தபடி, "நாம ரெண்டு பேரும் மட்டும்னா கூட போதும்னு தோணுது இப்போ" என்றார்.

"உண்மையாவா?"

"உண்மையாதான். உனக்கு?"

எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் புதிதாக இருந்தது. அந்த நாலைந்து மாதம் நாங்கள் வாழ்ந்ததுதான் வாழ்க்கை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அது அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

மழை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு பெரிய மலை ஏறிவிடலாம் என்று அவர் ஆசைப்பட்டார். திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டு வரை ரயில், ஸ்டேஷனிலிருந்து நடந்து பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து பஸ். "சாமி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நாம யாரையும் பாக்க வேணாம், ஏறிட்டு இறங்கிடலாம்" என்றார்.

அன்றைக்கு வெயில் கடுமையாக இருந்தது. படிகள் செங்குத்து. பாதி தாண்டியதும் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்து, துண்டால் விசிறினார்.

"இறங்கிடலாமா?"

"இவ்ளோ தூரம் வந்தாச்சு. மெதுவா ஏறலாம்."

மெதுவாக ஏறினோம். உச்சியில் நல்ல காற்று. கீழே குளமும் ஊரும் வயலும். எனக்குக் குமட்டியது. காலையில் செங்கல்பட்டில் சாப்பிட்ட பூரி சேரவில்லை என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ரயிலில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். தாம்பரம் வந்தபிறகு அவர்தான் எழுப்பினார்.

என் மாத விலக்குக்கு ஒழுங்கு தப்பிப் பல வருடம் ஆகியிருந்தது. அதனால் நாள் தள்ளிப்போனதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. குமட்டல் நிற்காமல் போனபோது, அலுவலகத்திலிருந்து வரும் வழியில் மருந்துக்கடையில் டெஸ்ட் கிட் வாங்கினேன். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் வாங்கினேன். இரண்டு கோடு வந்தது. பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கதவைத் தட்டி, "என்ன மா ஆச்சு, வழுக்கி விழுந்துட்டியா?" என்றார். கதவைத் திறந்து கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். பிறகு வாஷ்பேசினில் முகம் கழுவ ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று பேசிக்கொண்டோம். ஆனால் அவரால் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அத்தை பம்மலில் பெரிய மகன் வீட்டில் இருந்தார். மறுநாளே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். என் தலையைத் தடவி அழுதார். "இனிமே மாடிப்படி கூட ஏறக் கூடாது" என்றார். எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இருந்தது. மலைகளுக்குப் போவது அத்தோடு நின்றது.

முதல் ஸ்கேனில் துடிப்பு இருந்தது. அதை நான் பார்த்தேன். இரண்டாவது ஸ்கேனில் டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தி ரொம்ப நேரம் தேடினார். அறையில் ஏ.சி. சத்தம் மட்டும்தான் கேட்டது.

எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். நாற்பதை நெருங்கும் வயது, உருவாகும்போதே ஏதோ சரியாக அமையவில்லை, இது யார் செய்ததாலும் நடந்தது இல்லை என்றார். நான் எழுந்து வெளியே வந்தேன். என் கணவர் பின்தங்கினார். கதவு முழுசாக மூடவில்லை.

"டாக்டர், அவங்க அப்போ ஒரு மலை ஏறினாங்க. தலை சுத்திடுச்சு. அதனால ஏதாவது..."

"இல்ல சார். அவங்க படுக்கையிலயே இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

"செங்குத்தான படி டாக்டர். வெயில் வேற."

"சார், நான் சொல்றேன் இல்ல."

அவர் வெளியே வந்தார். அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது என்பது அவருக்குத் தெரியும். காரில் ஏறினோம்.

அத்தை ஒரு மாதம் எங்களோடு இருந்தார். எனக்குப் பத்தியச் சாப்பாடு செய்துபோட்டார். எண்ணெய் தேய்த்துவிட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் யார் விசாரிக்க வந்தாலும் ஹாலில் உட்காரவைத்து அதையே சொன்னார். "மலை மலையா ஏறினா எப்படித் தங்கும்? வயசுப் பொண்ணா இவ? பஸ்ல குலுங்கிக்கினு, ட்ரெயின்ல இடிபட்டுக்கினு." நான் உள்ளறையில் படுத்துக்கொண்டு கேட்பேன். என் கணவரும் ஹாலில்தான் இருப்பார். ஒருநாளாவது 'டாக்டர் அப்படிச் சொல்லவில்லை' என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அத்தை பம்மலுக்குத் திரும்பிப் போன அன்று சாயங்காலம் நானே கேட்டேன். அவர் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அம்மா சொல்றத நீங்க நம்பறீங்களா?"

அவர் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். "நான்தானே உன்னைக் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

"டாக்டர் இல்லன்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"சொன்னாங்க மா. நான் இல்லன்னா சொல்றேன்?"

அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டார். அதற்கு நான் என்ன செய்வது? எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். படி ஏறினது என் கால், இறங்கிடலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொன்னது நான், கருவே சரியில்லை, நாம் ஒன்றுமே செய்யவில்லை. அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கும். என் முகத்தைப் பார்ப்பதை அவர் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார். பார்த்தால் அவருக்கு அந்தப் படிகள்தான் தெரிந்தன போலிருக்கிறது.

திரிசூலத்துக்குப் போகலாம் என்று நான் இரண்டு மூன்று ஞாயிறு கூப்பிட்டேன். "வெயிலா இருக்கு" என்றார். மழை நாளில் கூப்பிட்டபோது "வழுக்கும்" என்றார்.

அடுத்த தையில் அத்தை ஒரு வேண்டுதலோடு வந்தார். திருப்போரூரில் மலைக்கோயிலில் தொட்டில் கட்ட வேண்டும். கட்டிவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "அம்மா ஆசைப்படறாங்க. ஒரு தடவைதானே" என்றார். போதும் என்று சொன்னவர் அவர்தான். அதை இப்போது ஞாபகப்படுத்துவது அடிப்பதைப் போல இருக்கும் என்று தோன்றியது. சரி என்றேன்.

கார் சர்வீசுக்குப் போயிருந்தது. தாம்பரத்தில் மாமல்லபுரம் பஸ் ஏறினோம். கேளம்பாக்கம் வரை கம்பெனி கம்பெனியாக வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். எனக்கும் அத்தைக்கும் சீட் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மலை சின்னது. ஒரே மூச்சில் ஏறிவிடுவேன். ஆனால் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று, "மெதுவா... மெதுவா..." என்றார். எதிரே இறங்கி வந்த ஒரு பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

மேலே தொட்டில் கட்டும் மரத்தில் இடமே இல்லை. மரத்தொட்டில், துணித்தொட்டில், வெயிலில் வெளுத்துப்போனது, கயிறு இற்று ஒரு பக்கம் தொங்குவது. அத்தை ஒரு கிளையைக் காட்டினார். நான் முடிச்சுப் போட்டேன். எனக்குள் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் அவர் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. கோயில் இல்லாத மலையைத் தேடிக் கண்டுபிடித்த மனிதர் அவர். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் நாங்கள் இரண்டு பேராக இருந்தது முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மறுபடியும் ஊசிகள். மறுபடியும் ஜி.எஸ்.டி. ரோடு. இரண்டு முறை போன் வந்தது. மூன்றாவதுக்கு டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அத்தை அதற்கு அடுத்த வருடம் சர்க்கரை முற்றிக் காலமானார். கடைசி நாட்களில் நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். எங்களுக்குள் கோபம் எதுவும் மிச்சமில்லை.

அவரும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சண்டை இல்லை. காய்கறி வாங்கி வருகிறார், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை தூங்குகிறார், இல்லையென்றால் தூங்குவது போலப் படுத்திருக்கிறார். ஒருமுறை நான் மட்டும் கிளம்பித் திரிசூலத்தில் இறங்கினேன். தடம் ஆரம்பிக்கிற இடத்தில் சுவர் எழுப்பிக் கம்பி போட்டிருந்தார்கள். வேறு வழி இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிறவள், சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். "அக்கா, பசங்களுக்கு லீவு. கார் இல்லாம, ஒரே நாள்ல போய்ட்டு வர மாதிரி மலை எதுனா இருக்கா?"

சொன்னேன். எந்த ஸ்டேஷனில் இறங்குவது, எந்தப் பக்கம் பஸ் நிற்கும், திருக்கழுக்குன்றத்தில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி, குரங்கு இருக்கும், பையை வெளியே தெரியவிடக் கூடாது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவள் சாப்பிடுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"நிறைய சுத்தியிருக்கீங்க போல."

"கொஞ்ச நாள் போனோம்."

"சின்னவ ஏறிடுவாளா அக்கா? அவளுக்கு அஞ்சு வயசுதான்."

"ஏறிடுவா. அங்கங்க உக்காந்து, தண்ணி குடிச்சு ஏறுங்க."

ஞாயிறு மதியம் போனில் போட்டோக்கள் வந்தன. படியில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு பெண் குழந்தை. உச்சியில் காற்றில் முடி பறக்க எல்லோருமாக. கீழே குளம். ஹாலில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். "யாரு போன்ல?" என்றார். "ஆபீஸ்ல ஒரு பொண்ணு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். "சூப்பர்" என்று அவளுக்குப் பதில் அனுப்பிவிட்டு, ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன்.